படிக்கப்பட்டது: 23 அக்டோபர், காலை 9.42

ஆயர் ஈத்தாம், பினாங்கு
14 செப்டம்பர் 2025

அன்புள்ள குமுதாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் மரியாதை. ஏழு வருடம் விசாரிக்காதவள் இப்போது விசாரித்தால் நடிப்பாகத் தெரியும். அதனால் விட்டுவிடுகிறேன். நீ கடல் தாண்டி மிரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாய் என்று உன் தங்கை பிரமிளா சொன்னாள். முகவரி கொடுக்க அவளுக்கு மனமில்லை. "இன்னும் என்னக்கா மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போக?" என்று வாசலில் நிறுத்தியே கேட்டாள். பாயான் பாரு வெயிலில் பத்து நிமிடம் நின்ற பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

மின்னஞ்சலில் எழுதாததற்குக் காரணம் உனக்கே விளங்கும்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எழுதவே இல்லை என்று எல்லோரும் சொன்ன அந்த மெயில் என்னிடம் இருக்கிறது. கிடைத்துவிட்டது.

இந்தக் கடிதத்தை ஒரு நாள் ஒரு வழக்கறிஞரும் படிக்கக்கூடும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். நீ நம் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. நான் ஆவணப் பிரிவு. சர்க்யூட் பலகைகளை ரசாயனத்தில் கழுவும் அறையில், புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியின் மோட்டார் எரிந்துபோனது. மோட்டாரை மாற்றும்வரை அறையை மூட வேண்டும் என்று 23 அக்டோபர் 2018 அன்று நீ மேலாளர் சந்திரசேகரனுக்கு எழுதினாய். எனக்கும் நகல் வந்தது. அவசர ஆர்டர் இருந்ததால் அவர் மூடவில்லை. மோட்டார் வந்துகொண்டிருக்கிறது என்று உன்னிடம் வாயால் சொன்னார். கதவுகளைத் திறந்து வைத்து வேலையை ஓட்டினார்கள். தீபாவளி விடுமுறை முடிந்து நவம்பர் எட்டாம் தேதி வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பார்வைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கதவுகளை மூடினார்கள். உள்ளே நூர் பீவி மட்டும் பலகை கழுவிக்கொண்டிருந்தாள்.

உயிர் தப்பியது. நுரையீரலில் பாதிக்கு மேல் போய்விட்டது.

விசாரணையில் சந்திரசேகரன், "எனக்கு அப்படி ஒரு மெயிலே வரலைங்க" என்றார். தேடினார்கள். சர்வரில் எவர் பெட்டியிலும் இல்லை. கடமை தவறியவள் என்று உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். நூர் பீவியும் அதையே நம்பினாள். நீ மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நம் மாடியில் மட்டும் ஒரு பழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வீட்டைக் கழுவுவதைப் போல மேசையைத் துடைத்து, இழுப்பறையைக் காலி செய்து, அந்த வருட மெயில்களை எல்லாம் சர்வரிலிருந்து இறக்கி அவரவர் கணினியிலேயே ஒரு கோப்பில் போட்டு வைப்போம். 'தீபாவளி 2016', 'தீபாவளி 2017' என்று பெயர். மற்ற மாடிக்காரர்கள் சிரிப்பார்கள். சந்திரசேகரனுக்கு இந்தப் பழக்கம் தெரியாது. தன் மேசையை அவர் ஒரு நாளும் துடைத்ததில்லை.

உன் கோப்பு உன் கணினியோடு போயிற்று. உன்னை அனுப்பிய அன்றே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்னுடையது என்னிடம் இருந்தது.

இதை நீ முதல்முறையாகக் கேட்கிறாய். விசாரணைக்கு முந்தின நாள் மதியம் 'தீபாவளி 2018' கோப்பைத் திறந்தேன். கோப்பு சேதமடைந்துள்ளது என்று ஒரு சிறிய பெட்டி வந்தது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதே பெட்டி. கையில் ஆதாரம் இல்லாத எதையும் நம்பக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் கற்றவள் நான். அன்று அந்தப் பாடம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. மறுநாள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். ஆவணப் பதிவில் அந்த மெயில் இருக்கிறதா? "இல்லை" என்றேன். அது உண்மை. நான் அதைப் படித்தேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எதிரே நீ உட்கார்ந்திருந்தாய்.

இந்த வருடம் சந்திரசேகரன் ஓய்வு பெறுகிறார். பெரிய ஓட்டலில் வழியனுப்பு விழா, மலர் வெளியீடு, அதில் பாராட்டுரை. என்னைக் கூப்பிட்டு, "நீதாம்மா எழுதணும் தாட்சா. நீ எழுதுனா அளந்து எழுதுவே, பொய்யா இருக்காது" என்றார். பழைய படங்கள் வேண்டும் என்றும் சொன்னார். ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க எடுத்து வந்த பழைய கணினி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புதிய மடிக்கணினி கொடுத்தவர்கள் பழையதைத் திரும்பக் கேட்கவில்லை. அவருடைய படங்களைத் தேடப் போய்த்தான் அந்தக் கோப்பை மறுபடி பார்த்தேன்.

ஷஃபீக்கிடம் கொண்டுபோனேன். நம் கணினிப் பிரிவில் இருந்தவர். இப்போது சந்தைக்குப் பின்னால் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தாடி முழுவதும் நரைத்துவிட்டது. கோப்பைப் பார்த்ததும் சிரித்தார். "அலாமாக், அக்கா! இது ஆதிகாலத்து ஃபார்மட்லா. ரெண்டு ஜிபிதான் தாங்கும். நீங்க அதுக்கு மேல அடைச்சு வெச்சிருக்கீங்க, எப்படித் திறக்கும்?" என்றார். தப்பு என்னுடையதுதான். 2005-இல் உருவாக்கிய ஒரு வெற்றுக் கோப்பையே வருடா வருடம் நகலெடுத்துப் பெயர் மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் புதிதாக உருவாக்கினீர்கள். நான் மட்டும் சிக்கனம் பார்த்தேன்.

திறக்க வேண்டுமானால் வாலில் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்றார். வெட்டினால் எந்த மெயில் போகும் என்று கேட்டேன். "அது யாருக்கும் தெரியாதுக்கா. நசீபு, தலையெழுத்துப்படி நடக்கும்." முதலில் இரண்டு நகல் எடுக்கச் சொன்னேன். ஒன்றில் மட்டும் கை வைத்தார். இருபத்தைந்து எம்பி வெட்டினார். பிறகு அந்த மெயில் நிரலோடு வரும் பழுது நீக்கியை ஓடவிட்டார். எட்டுக் கட்டம். ஒருமுறை ஓடி முடித்து இன்னும் பிழை இருக்கிறது என்றது. மறுபடி ஓடியது. மூன்றாவது முறை பிழை இல்லை என்றது. நான் நம்பவில்லை. நான்காவது முறையும் ஓட்டச் சொன்னேன். "டாக்டர்கிட்ட போனாலும் இப்படித்தான் கேப்பீங்களா?" என்று முனகிக்கொண்டே ஓட்டினார்.

திறந்தது. சில மெயில்களுக்குத் தலைப்பு இல்லை. சிலவற்றுக்குத் தலைப்பு மட்டும்தான் மிச்சம். யாருடையது என்று தெரியாதவற்றை எல்லாம் அநாதைகளைப் போல ஒரு தனி உறையில் போட்டு வைத்திருந்தது. அக்டோபரைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். உன் மெயில் இருந்தது. நீ அதோடு இணைத்திருந்த விசிறியின் படம் போய்விட்டது. எழுத்து முழுவதும் இருக்கிறது.

அதற்கு அடுத்தது, நீ எனக்கு அனுப்பி வைத்த ரசீது. மெயிலைப் படித்தவுடன் தானாகத் திரும்பி வருமே, அது. எல்லா மெயிலுக்கும் ரசீது கேட்க வேண்டும் என்று ஜனவரிக் கூட்டத்தில் கட்டளை போட்டவர் யார்? சந்திரசேகரன்தான். "எவனும் வரலே, பாக்கலேன்னு எங்கிட்ட சாக்கு சொல்லக்கூடாது" என்று மேசையைத் தட்டினார். ரசீதில் இருப்பது இவ்வளவுதான்: படிக்கப்பட்டது, 23 அக்டோபர் 2018, காலை 9.42. மேலே, நாம் அண்ணன் என்றே அழைத்த அவரைப் பற்றி நீ எழுதியிருக்கிறாய்: "அக்கா, அண்ணன் பாத்துட்டாரு. இனி கவலை இல்ல."

அதற்கு அடுத்தது என் பதில். "சரி. பதிவில் சேர்த்துவிட்டேன்."

சேர்த்திருக்கிறேன், குமுதா. நானே என் கையால் சேர்த்திருக்கிறேன். பிறகு பதிவிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தேதான் அன்று "இல்லை" என்றேன்.

ஷஃபீக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கோப்பி வாங்கி வருகிறேன் என்று போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார். "சர்வர்ல இருந்து தூக்குனது நான்தான்க்கா. மேனேஜர் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. காப்பு எடுத்து வெச்சதுலயும் தூக்கச் சொன்னாரு. வைரஸ் மெயில்னு சொன்னாரு. நான் நம்பலே. ஆனா தூக்கினேன்" என்றார். சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா என்றேன். போடுகிறேன் என்றார். பிறகு வேண்டாம் என்றார். நான் கடை இறங்கிப் போகும்போது பின்னால் ஓடி வந்து, "போடுறேன்கா" என்றார்.

அதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "உங்க பதில் மெயில் மட்டும் வேணாம்னா எடுத்துடலாம்லா. வெட்டுனதுல போச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியும்?" நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள் என்றேன்.

பாராட்டுரையை நேற்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி உனக்காக: "தமக்கு வந்த எந்த மெயிலையும் அவர் படிக்காமல் விட்டதில்லை; இதை நான் ஆதாரத்தோடு சொல்ல முடியும்." அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "அருமை. ஒரு சொல்லையும் மாற்றாதே."

மாற்ற மாட்டேன். உன் பெயரை உனக்குத் திருப்பி வாங்கித் தரும்வரை இனி எனக்கு வேறு வேலை இல்லை. உன் கோபம் ஆறியிருந்தால் என்னுடையதில் கொஞ்சம் அனுப்பி வைக்கிறேன். என்னிடம் நிறைய இருக்கிறது.

உன் எதிரே உட்கார்ந்திருந்தவள்,
தாட்சாயினி


ஆயர் ஈத்தாம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள குமுதாவுக்கு,

நீ தொலைபேசியில் கூப்பிட்டபோது திட்டப்போகிறாய் என்று நினைத்து உட்கார்ந்துகொண்டேன். நீயோ பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டே பேசினாய். "எல்லாம் பழகிடுச்சுக்கா, விடுங்கலா. அண்ணனும் பேரன் பேத்தி எடுத்துட்டாரு" என்றாய். அவருக்குப் பேரன் பேத்தி இருப்பது எனக்கும் தெரியும். நூர் பீவியின் மகள் கல்யாணத்தில் நூர் பீவி நிற்க முடியாமல் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தாள் என்பதும் தெரியும். மன்னிக்கத் தெரிந்தவர்கள் மன்னிக்கட்டும். எனக்கு அது வரவில்லை.

நீ விடச் சொன்ன மறுநாள்தான் அனுப்பினேன். சந்திரசேகரனின் பழைய ரசீதை எதுவும் எழுதாமல் அவருக்கே அனுப்பி வைத்தேன். அவருடைய கட்டளைப்படி அதற்கும் ரசீது கேட்டேன். பதினொரு நிமிடத்தில் வந்தது. படிக்கப்பட்டது. திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ வருடம் ஆகிறது. வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான். வெட்கம் வரவில்லை.

அன்று மட்டும் ஒன்பது முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும், அப்பக்கம் பதில் வராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். சனிக்கிழமை காலை ஆரஞ்சுப் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். ஆரஞ்சைத் தொடவில்லை.

"என்னம்மா தாட்சா, ஏழு வருசம் ஆச்சு. தோண்டித் தோண்டி எடுத்திருக்கியே, உனக்கு இதுல என்ன லாபம்?" என்றார். லாபம் எதுவும் இல்லை அண்ணே என்றேன். "மேல இருந்து பிரஷர்மா. ஆர்டரை நிறுத்துனா நூறு பேருக்கு வேலை போயிருக்கும். உனக்கும் போயிருக்கும். நான் யாருக்காகச் செஞ்சேன்?" நூர் பீவிக்காகவா என்று கேட்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு குரல் மாறியது. "நீ எல்லா மெயிலுக்கும் பதில் போடுறவ. அந்த மெயிலுக்கும் போட்டிருப்பியே. அதுவும் இருக்குமே அதுல. நான் விழுந்தா நீ மட்டும் நிக்கப் போறியா?"

நான் பல நாளாகக் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். "இருக்குது அண்ணே. அதுதான் முதல் பக்கம். தலைமை அலுவலகத்துக்கு ஒரு நகல், வழக்கறிஞருக்கு ஒரு நகல். ஷஃபீக்கோட கையெழுத்தும் சேர்த்து வியாழக்கிழமையே போயாச்சு" என்றேன்.

அழுதார், குமுதா. அறுபது வயது மனிதர், என் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதார். எனக்கு இரக்கம் வருகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். வரவில்லை. எழுந்து போய் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். வேர்த்திருந்தது. அவ்வளவுதான். போகும்போது ஆரஞ்சுப் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

விழாவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். உடல்நிலை காரணம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். மலர் அச்சாகிவிட்டது, முந்நூறு பிரதி. கட்டு கட்டாக வரவேற்பறையில் கிடக்கிறது. என்னையும் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கடிதத்தில் உன்னைப் பற்றி எழுதிய அதே சொற்கள்: கடமை தவறியவர். எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

விசாரணையில் உன்னைக் கூப்பிடுவார்கள். வா. வந்து, நான் என்ன செய்தேன் என்பதையும் சொல். அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு என்னை மட்டும் விட்டுவிடாதே. அப்படி விட்டாயானால் அதை நான் உனக்கு மன்னிக்க மாட்டேன்.

தாட்சாயினி


ஆயர் ஈத்தாம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள குமுதாவுக்கு,

தலைமை அலுவலகத்திலிருந்து நேற்று உனக்கும் கடிதம் போயிருக்கும். உன்மேல் இருந்த குற்றச்சாட்டை நீக்கிவிட்டதாக எனக்கு ஒரு நகல் வந்தது. இரண்டே பத்தி. வருந்துகிறோம் என்ற சொல் ஒரே ஒருமுறை. பத்திரமாக வை. நகலும் எடுத்து வை.

சந்திரசேகரன் இனி தொழிற்சாலைக்குள் நுழைய முடியாது. வழக்கு தனியாக நடக்கும். இதைக் கேட்டதும் எனக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது. ஒரு பகல் முழுக்க இருந்தது. மறுநாள் காலையில், தெரிய வேண்டிய ஒருத்திக்கு இன்னும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. வழக்கறிஞர் சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிடலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி ஒதுங்கிக்கொள்வது எனக்குப் பழகிய வழிதானே. அதனால்தான் போனேன்.

சுங்கை பினாங் அடுக்குமாடி, ஆறாவது மாடி. நூர் பீவியின் கணவர் முகம்மது சுல்தான் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து உள்ளே விட்டார். அவள் சன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பாதியாக இளைத்திருக்கிறாள். கண் மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லோரையும் கேலி செய்வாளே, அதே கண்.

என்னை அவளுக்குத் தெரிந்தது. "ஆவணத்தம்மா" என்றாள். அந்தப் பெயரை நான் மறந்தே போயிருந்தேன்.

எதுவும் விளக்கவில்லை. மூன்று தாளையும் அவள் மடியில் வைத்தேன். உன் மெயில், ரசீது, என் பதில். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். "நூர் பீவி உள்ளிட்ட நால்வர் அந்த அறையில் வேலை செய்கிறார்கள்" என்று நீ எழுதியிருக்கிறாய். அங்கே விரல் நின்றுவிட்டது. தன் பெயரை மறுபடி மறுபடி தடவிக்கொண்டே இருந்தாள்.

"குமுதா எழுதியிருக்குது" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ஏழு வருசமா, தொழுதுட்டு, கையேந்தி, அதைச் சபிச்சிருக்கேன். ஒரு நாள் விடலே. அதுக்குப் பிள்ளை நிக்கலேன்னு கேள்விப்பட்டப்பவும், நல்லா வேணும்னு சொன்னேன். அதை இப்ப எந்த வாயால திருப்பி வாங்குறது?"

உனக்கு அப்படி ஒன்று நடந்தது எனக்குத் தெரியாது, குமுதா. நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பிறகு மூன்றாவது தாளைக் கையில் எடுத்தாள். "இது நீயா?" என்றாள். ஆமாம் என்றேன். "தெரிஞ்சிருந்துச்சா?" ஆமாம் என்றேன். சுல்தான் என் கையைப் பிடிக்கிற மாதிரி முன்னால் வந்தார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"உன்னையும் சபிக்கலாம். மூச்சு பத்தாது" என்றாள். "போயிடு. அது நம்பரை மட்டும் வெச்சிட்டுப் போ."

உன் எண்ணை அந்த மூன்றாவது தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் வேறு காகிதம் இருந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஆறு மாடியும் படியிலேயே இறங்கினேன். சந்திரசேகரனுக்கு என் நாற்காலியில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. அவருக்காக வருந்தினேன் என்று நினைக்காதே. அவருக்கு இன்னும் கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். விசாரணைக்கு வரும்போது என் வீட்டுப் பக்கம் வர வேண்டிய அவசியமும் இல்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து உனக்கு ஓர் அழைப்பு வரும். எடு. அந்தப் பக்கம் முதலில் இயந்திரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் இரண்டு சொல் பேசுவாள், பிறகு வெகுநேரம் ஒன்றுமே இருக்காது. கோடு அறுந்துவிட்டது என்று வைத்துவிடாதே, குமுதா. அவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருப்பாள். நீயும் கொஞ்சம் காத்திரு.

தாட்சாயினி